எங்கம்மா ரிச்சு

மூன்றாம் வகுப்பில் டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி, அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார். இலவசச் சீருடைக்கான பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. என் முறை வந்ததும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு சத்தமாகச் சொன்னேன்.

"எங்கம்மா ரிச்சு டீச்சர்."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. பேனாவால் ஒரு கோடு இழுத்தார். என் பெயர் பட்டியலிலிருந்து போயிற்று.

நான் பொய் சொல்லவில்லை. கோடம்பாக்கத்தில் 'ரிச்' என்பது ஒரு வேலையின் பெயர். சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும் துணை நடிகைகளை ஏஜென்ட்டுகள் இரண்டு பட்டியலாக வைத்திருந்தார்கள். சந்தை, ஊர்வலம், குழாயடிச் சண்டை போன்றவற்றுக்குப் போகிறவர்கள் கிராமத்துப் பட்டியல். பங்களா, கிளப், கல்யாண வரவேற்பு ஆகியவற்றில் கழுத்து நிறையக் கவரிங் நகை போட்டுக்கொண்டு, கண்ணாடி டம்ளரில் கலர் தண்ணீரைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் ரிச். ரிச்சாக இருப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. புடவை, நகை, செருப்பு, கொண்டை எல்லாவற்றையும் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். கிராமத்துக்காரர்களுக்குக் கம்பெனியே கண்டாங்கிச் சேலை கொடுத்துவிடும். எங்கள் சந்தில், "உங்கம்மா இன்னா, கிராமமா?" என்று யாராவது கேட்டால், "இல்ல, ரிச்சு" என்று பதில் சொல்லியே நான் வளர்ந்தேன். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியாது.

விஷயத்தைச் சரிசெய்ய மறுநாள் அம்மாவே பள்ளிக்கு வந்தாள். படப்பிடிப்பிலிருந்து நேராக வந்துவிட்டாள். கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளிச் சரிகைப் பூப்போட்ட நைலக்ஸ் புடவை, முழங்கை வரைக்கும் இறுக்கிப் பிடித்த ஜாக்கெட், தலைக்கு மேல் இன்னொரு தலை போலக் கொண்டை, காது வரைக்கும் வால் இழுத்த கண் மை, நாலணா அகலத்துக்குச் சாந்துப் பொட்டு. டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அதான் பார்த்தாலே தெரியுதேம்மா" என்றார். அம்மா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பி வந்துவிட்டாள். கடைசியில் ஸ்டுடியோவில் லைட்மேனாக இருந்த நைனா லுங்கியோடு போய் நின்ற பிறகுதான் எனக்குச் சீருடை கிடைத்தது.

எங்கள் வீடு கோடம்பாக்கம் பாலத்திலிருந்து தியாகராய நகர்ப் பக்கம் இறங்கும் ஒரு சந்தில் இருந்தது. ஒற்றை அறைதான். அதில் ஒரு சுவர் முழுவதும் அம்மாவுக்குச் சொந்தம். ஆணிகளில் புடவைகள், அவற்றுக்குக் கீழே டிரங்குப் பெட்டி, பெட்டிக்கு மேலே ரசம் போன கண்ணாடி. அம்மா முதன்முதலாக ஸ்டுடியோ கேட்டுக்குள் நுழைந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. எழுபதுகளின் ஆரம்பம். அன்றைக்குப் பெண்கள் எதையெல்லாம் அழகு என்று நினைத்தார்களோ, அதையெல்லாம் ஒரே வருஷத்தில் கற்றுக்கொண்டாள். பிறகு கற்றுக்கொள்வதை நிறுத்திவிட்டாள். உலகம் நைலக்ஸிலிருந்து பூனம் புடவைக்கும், பூனத்திலிருந்து ஷிபானுக்கும் போயிற்று. பாண்டி பஜார் நடைபாதையில் பாம்பு வடிவத்தில்கூட ஸ்டிக்கர் பொட்டு வந்தது. பெண்கள் கொண்டையை அவிழ்த்து, முடியை வெட்டி, கிளிப் போட்டு விரித்துவிட்டார்கள். அம்மா அசையவில்லை. ரேஷன் கடைக்கும் கண்ணில் வால் இழுத்துக்கொண்டுதான் போவாள்.

"மண்ணெண்ணெய் வாங்கவா இவ்ளோ அலங்காரம்?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பாள்.

"ஏன், மண்ணெண்ணெய் ஊத்தறவனுக்குக் கண்ணு இல்லியா?"

நான் எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். தாண்டியது மட்டுமல்ல, மயிலாப்பூரில் பெண்கள் கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன். நைனாவுக்கும் அம்மாவுக்கும் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அதனால் பேருந்தின் பெயர்ப்பலகையிலிருந்து மருந்துச் சீட்டு வரைக்கும் வீட்டில் எதைப் படிப்பதும் நான்தான். கேட்டதற்குப் பதில் சொல்லிச் சொல்லி, கேட்காததற்கும் பதில் சொல்லப் பழகியிருந்தேன்.

இரண்டாம் வருஷத்தில் ஒரு திங்கட்கிழமை மாலை, ஏஜென்ட் எங்கள் வாசலில் வந்து நின்றான். பழைய ஏஜென்ட் போய் இவன் புதிதாக வந்திருந்தான். முப்பது வயதிருக்கும். இடுப்பில் பேஜர். அது அடிக்கிறதோ இல்லையோ, நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வான்.

"யக்கா, தப்பா எடுத்துக்காத. உன் கெட்டப்பு பழசாப் பூடுச்சு."

"இன்னாடா பழசு? போன மாசங்கூட ரிசப்ஷன் சீன்ல முன்னாடி நின்னேன்."

"தூணுக்குப் பின்னாடி நின்ன. நான் பாத்தேன்."

அவன் பேஜரைத் தடவிக்கொண்டே சொன்னான். "புது டைரக்டருக்கா. இந்தக் காலத்துப் பணக்காரங்களா வோணும்னு கண்டிசனா சொல்லிட்டாரு. வியாழக்கெழம பங்களா சீன் கீது. இந்தக் காலத்து ரிச்சா வந்து நின்னன்னா உன் பேரு அந்த லிஸ்ட்லயே இருக்கும். இல்லன்னா கிராமத்துல போட்டுக்கறேன். அதுலதான் இப்ப டெய்லி வேலை கீது."

"கிராமமா? நான் சைதாப்பேட்டைல பொறந்தவடா. தூரத்துல மாடு வந்தாலே ரோட்டைத் தாண்டிப் பூடுவேன். என்னைப் போய் நாத்து நடச் சொல்றியா?"

"நட வேணாங்கா. சும்மா குனிஞ்சிகினு நின்னா போதும்."

அவன் போன பிறகு அம்மா டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். விளக்கு ஏற்றுகிற நேரமாகியும் எழவில்லை. அவள் பயந்தது வேலை போய்விடும் என்பதற்காக அல்ல. வேலை இருக்கும் என்று அவனே சொல்லிவிட்டான். ரிச்சுக்கு நாற்காலி உண்டு. கிராமத்துக்காரர்கள் வெயிலில் தரையில் உட்காருவார்கள். ரிச்சை உதவி இயக்குநர்கள் "மேடம், கொஞ்சம் லெஃப்ட்ல" என்பார்கள். கிராமத்தைப் பார்த்து, "ஏய், அந்தக் கும்பல்!" என்று ஊதலை ஊதுவார்கள். அம்மா இருபத்து மூன்று வருஷமாக மேடம். வேறு எந்த இடத்திலும் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"நீ கவலைப்படாதமா," என்றேன். "இந்தக் காலத்துப் பணக்காரங்க எப்படி இருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். நான் அவங்க கூடத்தான் படிக்கறேன்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். உடை விஷயத்தில் அவள் என் பேச்சுக்குக் காது கொடுத்தது அதுவே முதல் தடவை. அந்தப் பெருமையில் எனக்கு ஓர் அங்குலம் உயரம் கூடியது போல இருந்தது.

மறுநாளே ஆராய்ச்சியைத் தொடங்கினேன். என் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீடு கபாலீஸ்வரர் கோயில் குளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்று தலைமுறையாக வக்கீல் குடும்பம். வீட்டுக்குள்ளேயே கிணறு, கார் நிறுத்தத் தனிக் கொட்டகை. அவளுடைய அம்மா சாம்பல் நிறக் கைத்தறிப் புடவையில் வந்து எனக்குக் காபி கொடுத்தார். காதில் சின்னத் தோடு. கையில் ஒற்றை வளையல். ஊக்கு குத்தாத முந்தானை.

"உங்கம்மா வெளில போறப்பவும் இப்படித்தான் கட்டுவாங்களா?" என்று தோழியிடம் கேட்டேன்.

"ஆமாம், எங்காத்துல எல்லாரும் இதான் கட்டிப்பா. பளபளன்னு கட்டிண்டா அப்பா கேலி பண்ணுவா. நாடகத்துக்கா போறேம்பா. ஏண்டி கேக்கறே?"

"சும்மாதான்."

அன்று மாலை அம்மாவைப் பெசன்ட் நகருக்குக் கூட்டிப்போனேன். கண்ணால் பார்த்தால்தான் நம்புவாள். கடற்கரைக்கு எதிரில் ஒரு சுவரில் இருவரும் உட்கார்ந்துகொண்டோம். நான் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். பெரிய வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. வெளிறிய பச்சையில் கதர் போன்ற புடவை கட்டிய ஓர் அம்மாள் இறங்கி, ரப்பர் செருப்போடு மணலை நோக்கி நடந்தார்.

"இந்தம்மா ஆயாவா, சமையக்காரம்மாவா?" என்றாள் அம்மா.

"முதலாளி. டிரைவர் கதவு தொறந்து விட்டாரு, பாக்கலியா?"

"போடி. முதலாளியம்மா செருப்பா அது? நம்ம குழாயடி செருப்பு."

அடுத்து ஒருவர். அதற்கடுத்து இன்னொருவர். சாம்பல், காவி, மண் நிறம். பொட்டு கடுகளவு. ஒருவரிடமும் கொண்டை இல்லை. அம்மாவின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"இவ்ளோ துட்டு வெச்சிகினு ஏன்டி இப்படி எழவு வீட்டுக்குப் போறாப்ல வர்றாளுங்க? இன்னா கஷ்டம் இவங்களுக்கு?"

"இதாம்மா இப்ப ஸ்டைல். பளபளன்னு இருந்தா பணக்காரங்க இல்லன்னு அர்த்தம்."

அவள் என் நோட்டுப் புத்தகத்தைத் தொட்டு, "இதுல அப்டி எழுதிகீதா?" என்று கேட்டாள். எழுதியிருக்கிறது என்றேன். எழுதியது நான்தான் என்பதைச் சொல்லவில்லை.

புதன்கிழமை ஒரு கைத்தறிக் கடையில் சாம்பல் நிறப் புடவை ஒன்று வாங்கினோம். ஒரு விரல் அகலத்துக்கு அரக்குக் கரை. நான்தான் தேர்ந்தெடுத்தேன். அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஃபைலு அட்டை மாதிரி கீது" என்றாள். வீட்டில் கஞ்சி போட்டுத் தேய்த்து ஆணியில் மாட்டியபோது நைனா வேலையிலிருந்து வந்தார். புடவையைப் பார்த்தார். முந்தானையைத் தூக்கி, தெருவிளக்கு வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதக் கட்டிகினா செட்டுக்கு வரப்போற?"

"ஏன் நைனா, நல்லால்லியா?"

"நல்லாத்தாம்மா கீது. ஆனா காட்டன் லைட்டைக் குடிச்சிடும். நைலக்ஸுதான் வாங்கினதத் திருப்பி அடிக்கும்."

"அது உங்க சினிமாவுல, நைனா. நான் சொல்றது நிஜத்துல."

நைனா தலையாட்டிவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார். இருபத்தைந்து வருஷமாக விளக்கின் பின்னால் நின்றவர் சொன்ன விஷயம் அது. நான் பி.காம். இரண்டாம் வருஷம். அன்றைக்கு யார் சொல்வது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

வியாழக்கிழமை கல்லூரியில் வகுப்பு இல்லை. அம்மாவுடன் நானும் போனேன். பையைத் தூக்கிக்கொண்டேன். வழக்கத்தைவிட அது கனமாக இருந்தது. டிபன் டப்பா பெரிதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா சாம்பல் புடவையில், எண்ணெய் வைத்துத் தழையப் பின்னிய ஒற்றைப் பின்னலோடு, கடுகுப் பொட்டோடு, எனக்கு முன்னால் நடந்தாள். சந்தில் ஒருவரும் கேலி செய்யவில்லை. அவளை யாருக்கும் அடையாளமே தெரியவில்லை. எனக்கு அது வெற்றி மாதிரி இருந்தது. சாட்சாத் அந்த வக்கீல் வீட்டம்மா.

படப்பிடிப்புத் தளத்துக்குள் ஒட்டுப்பலகையில் பங்களா எழுந்திருந்தது. வளைந்த படிக்கட்டு, தொங்கும் சரவிளக்கு, சிவப்பு சோபா. மேலே கட்டியிருந்த பலகைப் பரணில் லைட்மேன்கள் உட்கார்ந்திருந்தார்கள். நைனாவுக்கு அன்று அதே தளத்தில்தான் வேலை. வந்திருந்த மற்ற ரிச் பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஜிகினா ஒட்டிய சல்வார், முதுகு தெரியும் ஜாக்கெட், மின்னும் ஷிபான், உதட்டில் பழுப்புச் சாயம், தோளுக்கு வெட்டிய முடி. ஒருத்திகூடப் பெசன்ட் நகரிலிருந்து வந்தவள் மாதிரி இல்லை.

அட்டையில் காகிதம் செருகி வைத்திருந்த உதவி இயக்குநர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்மாவுக்கு எதிரில் அரை நொடி நின்றார்.

"சர்வ் பண்றவங்க அந்தப் பக்கம்மா. டிரே மேசைமேல இருக்கு. சீக்கிரம்."

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"சார், அவங்க ரிச் சார்," என்றேன்.

அவர் என்னையும் புடவையையும் பார்த்தார். ஏஜென்ட் ஓடி வந்தான்.

"யக்கா! இன்னாக்கா இது? ஸ்கூலுக்கா கெளம்பின? நான் இன்னா சொன்னேன், நீ இன்னா கட்டிகினு வந்து நிக்கற?"

"சார், நிஜத்துல பணக்காரங்க இப்படித்தான் கட்டறாங்க," என்று உதவி இயக்குநரிடம் மறுபடியும் சொன்னேன். "பெசன்ட் நகர்ல போய்ப் பாருங்க சார். நாங்க நேர்ல பாத்தோம்."

"பெசன்ட் நகர்ல இருக்கும்மா. நான் இல்லங்கல," என்றார் அவர் பொறுமையாக. "இங்க, இந்த செட்ல, பின்னாடி பத்தடி தள்ளி நின்னா அவங்க வேலைக்காரம்மா. டிரே எடுத்துக்கச் சொல்லு."

அம்மா என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. சின்ன வயதில் நான் கணக்கில் பூஜ்யம் வாங்கி வரும்போது, தாளில் இருப்பது என்னவென்று தெரியாமலே, "பரவால்ல, ரவுண்டா நல்லாத்தான் கீது" என்று சொல்வாளே, அந்தப் பார்வை.

பிறகு உதவி இயக்குநரிடம் திரும்பினாள். "தம்பி, நான் டிரே எடுக்க மாட்டேன். நான் ரிச்சு. எனக்குப் பத்து நிமிசம் குடு."

"பத்து நிமிஷத்துல என்னம்மா செய்வீங்க?"

"நீ குடு."

பங்களாவின் பின்சுவருக்குப் பின்னால், முட்டுக்கட்டைகளும் ஆணிகளும் தெரிகிற இடத்தில், என் கையிலிருந்த பையை வாங்கினாள். டிபன் டப்பாவுக்கு அடியிலிருந்து முதலில் ஜாக்கெட் வந்தது. பிறகு ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருட்டி வைத்திருந்த கத்தரிப்பூ நைலக்ஸ். உதறியதும் ஒரு சுருக்கம் இல்லாமல் விழுந்தது. பிறகு ஹை ஹீல்ஸ், மைக்குச்சி, சாந்து, நைனாவின் சவரக் கண்ணாடி.

"இன்னாமா, இதெல்லாம் எப்ப எடுத்து வெச்ச?"

"சும்மாத்தான். மழை கிழை வந்தா மாத்திக்கலாம்னு."

தளத்துக்குள் எங்கே மழை வரும் என்று நான் கேட்கவில்லை. கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா பின்னலை அவிழ்த்து, முன்முடியைச் சீப்பால் பின்னுக்குச் சீவிச் சீவிப் புசுபுசுவென்று எழுப்பினாள். பிறகு பையிலிருந்து கறுப்பாக ஓர் உருண்டையை எடுத்து உச்சியில் வைத்து, முடியால் மூடிச் சுற்றிக் கொண்டை ஊசிகளைச் செருகினாள். அந்த உருண்டை எனக்குத் தெரிந்ததாக இருந்தது.

"மா, அது என் ஸ்கூல் சாக்ஸு."

"ஆமா. ஆறாங்கிளாஸ்லேர்ந்து பத்தாங்கிளாஸ் வரிக்கும் கீது. எதையும் தூக்கிப் போடல. சவுரி விக்கற வெலைக்கு இதான் நல்லா நிக்கிது. ஆடாத."

அத்தனை வருஷமும் பங்களாக்களிலும் கிளப்புகளிலும் அம்மாவின் தலைமேல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது என் பள்ளிக்கூடக் காலுறைகள். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. ஆனால் கண்ணாடி ஆடக்கூடாது. ஒரே இழுப்பில், கை எடுக்காமல், வலக்கண்ணுக்கு வால் இழுத்தாள். அடுத்து இடக்கண். இரண்டும் ஒரே அளவு. பொட்டு வைத்து, நிமிர்ந்து, தோள்களைப் பின்னால் தள்ளினாள். எங்கள் சந்தில் தினமும் பார்க்கிற அம்மாதான். ஆனாலும் நான் ஓர் அடி விலகி வழிவிட்டேன்.

படிக்கட்டுக்கு எதிரில் அவள் வந்து நின்றபோது சல்வார் போட்ட பெண்களில் இருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "எந்தப் படத்துலேர்ந்து எறங்கி வந்துச்சு இது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி வந்த படம்மா," என்றாள் அம்மா திரும்பாமலே.

ஏஜென்ட் தலையில் கை வைத்துக்கொண்டான். உதவி இயக்குநர் வாயைத் திறந்தார். அதற்குள் கேமராவுக்குப் பின்னாலிருந்த ஒளிப்பதிவாளர் எட்டிப் பார்த்தார். நரைத்த தாடி, கழுத்தில் துண்டு.

"யார் அந்தம்மா? அந்தக் கத்தரிப்பூ?"

"மாத்திடறேன் சார்," என்றார் உதவி இயக்குநர்.

"எதுக்கு மாத்தறே? எல்லாப் பணக்கார வீட்லயும் ஒரு பெரியம்மா இப்படி இருப்பாங்கய்யா. எந்த வருஷம் தான் அழகா இருந்தோமோ, அந்த வருஷத்தோட நின்னுடுவாங்க. எங்க வீட்லயே இருக்காங்க. அவங்கள சோபாவுல உக்கார வை. நடுவுல. மேல யாருப்பா, அந்தம்மா மேல ஒரு லைட் குடு."

"சார்!" என்று மேலிருந்து குரல் வந்தது. கொஞ்சம் அவசரமான, கொஞ்சம் அதிகச் சத்தமான குரல். நைனாவுடையது.

விளக்கு திரும்பியது. வெள்ளிப் பூக்கள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. வாங்கிய வெளிச்சத்தை அந்தப் புடவை திருப்பி அடித்த அடியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷிபான்களும் ஜிகினாக்களும் மங்கிப்போயின. அம்மா கால்மேல் கால் போட்டு, கலர் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பங்களாவை மூன்று தலைமுறையாகத் தெரிந்தவள் போலச் சுற்றிலும் பார்த்தாள். அந்தப் பார்வையை எந்தக் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்தும் நான் நோட்டில் எழுதியிருக்க முடியாது.

திரும்பி வரும்போது பாலத்தின்மேல் அவள் நடை மெதுவாகியது.

"பெரியம்மாவாமே நானு?"

"மா..."

"எனக்கு நாப்பத்தொண்ணுதான் ஆவுது."

பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். கீழே ஒரு மின்சார ரயில் போயிற்று. அது போய் முடிகிற வரைக்கும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பரவால்ல வுடு," என்றாள். "ரிச்சு பெரியம்மாதான? கிராமத்துப் பெரியம்மா இல்லியே."

ஏஜென்ட் அதற்குப் பிறகு அவள் பெயரைக் கிராமத்துப் பட்டியலுக்கு மாற்றவில்லை. 'பெரியம்மா வேணும்' என்றால் அவனுக்கு எங்கள் வீட்டு ஞாபகம்தான் வந்தது. அடுத்த சில வருஷங்களில் அம்மா எத்தனையோ பங்களாக்களின் சோபாக்களில், எல்லாவற்றிலும் நடுவில், உட்கார்ந்தாள்.

சாம்பல் புடவை ஆணியிலேயே தொங்கியது. அம்மா அதைத் திரும்பத் தொடவில்லை. ஒருநாள் நான் எடுத்துக் கட்டிக்கொண்டேன். கஞ்சி போட்ட கைத்தறியின் மொடமொடப்பு எனக்குப் பிடித்தது. ஊக்கு குத்தாத முந்தானையும் பிடித்தது. முதலில் அந்த வக்கீல் வீட்டம்மாவைப் பார்த்துத்தான் கட்டினேன், ஒப்புக்கொள்கிறேன். ஐந்தாறு தடவை துவைத்த பிறகு புடவை மிருதுவாகி என்னுடையதாகிவிட்டது. "டீச்சரம்மா மாதிரி கீற," என்றாள் அம்மா. அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள நானும் கற்றுக்கொண்டேன். இன்று கணக்காளராக ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மண் நிறத்திலும் சாம்பலிலும் பன்னிரண்டு புடவைகள் வைத்திருக்கிறேன். ஒன்றுகூட வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது. மூக்குக்கண்ணாடிக்குள்ளே மட்டும் இரண்டு கண்ணுக்கும் வால் இழுத்துக்கொள்கிறேன். ஒரே இழுப்பில் இன்னும் வரவில்லை.

பட்டமளிப்பு விழாவுக்கு அந்தச் சாம்பல் புடவையில்தான் போனேன். குடும்பத்தின் முதல் பட்டம் என்பதால் நைனா விடுப்பு எடுத்துக்கொண்டு, புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அம்மா தயாராக இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். கத்தரிப்பூ நைலக்ஸ், ஹை ஹீல்ஸ், முழு உயரத்துக்குக் கொண்டை. கல்லூரி வாசலில் ஒரே நெரிசல். விழாவுக்காக வெளியிலிருந்து அழைக்கப்பட்டிருந்த வாட்ச்மேன் ஒருவர், அழைப்பிதழைப் பார்த்துப் பார்த்துச் சின்னக் கதவு வழியாக ஒவ்வொருவராக விட்டுக்கொண்டிருந்தார். அம்மாவைக் கண்டதும் விறைப்பாக நின்று, பெரிய கதவைத் திறந்தார்.

"வாங்க மேடம்."

அம்மா தலையைக் கொஞ்சமாக அசைத்துவிட்டு உள்ளே போனாள். நைனா அவள் பின்னாலேயே போனார். நான் காலெடுத்து வைப்பதற்குள் வாட்ச்மேனின் கை குறுக்கே நீண்டது.

"நீ யாரும்மா? கார்டு எங்க?"

கார்டு நைனாவின் சட்டைப் பையில் இருந்தது. நான் பதில் சொல்வதற்குள் அம்மா திரும்பிப் பார்த்தாள். பங்களாவின் படிக்கட்டில் நிற்பது போலவே நின்றாள். வெயில் அவள்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"அது எம் பொண்ணுப்பா," என்றாள். "அவளுக்குத்தான் விழா. உள்ள வுடு."